முதல் குழாய் நம்ம ஆளுக்கு

"நஸீமா போய்ட்டாங்க மேடம்" என்று அவள் கணவர் போனில் சொன்னபோது நான் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பல மாதமாகச் சிறுநீரக நோய். தெரிந்ததுதான், ஆனாலும் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதியும் வந்தது. அது என்னவென்று அவளை அறிந்த உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஆம்பூர் தோல் மண்டிக் குடும்பத்துப் பெண் அவள். வேலூர்க் கல்லூரியில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. "பச்சைத் தோலுக்கு உப்பு கம்மியாப் போனா கிருமி ஒரு நொதியை விட்டு அதைக் கரைச்சுடும். புண்ணுலயும் அதே வேலைதான். அந்த நொதியோட வாயைக் கட்டணும்டி" என்பாள். அதுவே எங்கள் ஆராய்ச்சி. சிக்கல் என்னவென்றால், புண்ணை ஆற்றுகிற நம் உடம்பின் நொதியும் கிட்டத்தட்ட அதே சாயல். மருந்து அதைத் தொடவே கூடாது.

எங்கள் முதல் மூலக்கூறு கிருமியின் நொதியை அடியோடு நிறுத்தியது. நான் தலைகால் புரியாமல் கட்டுரை எழுதி, லாங் பஜாரில் இனிப்பும் வாங்கி வந்துவிட்டேன். அவள் ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை.

"நம்ம ஆளு குழாய் எங்கடி?"

நம் உடம்பின் நொதிக்கு அவள் வைத்த பெயர் அது. அந்த மனித நொதி தீர்ந்துபோயிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அது வந்து சோதிக்கும்வரை கட்டுரையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். பொறாமை என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன், பாவி. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

நொதி வந்ததும் அவளே சோதித்தாள். இரண்டுமே நின்றுபோயிருந்தன. எங்கள் மூலக்கூறு இரண்டு நொதிக்கும் உயிரான துத்தநாகத்தைப் பிடுங்கியிருந்தது.

"இது சாவி இல்லடி, கடப்பாரை. நல்ல வேளை, வெளியே போகல" என்றவள், பழைய இனிப்பு டப்பாவைத் திறந்து, "கெட்டுப்போச்சு. வேற வாங்கித் தா" என்றாள். அன்றே என் ரோஷம் போய்விட்டது.

அதன் பிறகு துத்தநாகத்தை விட்டுவிட்டோம். கிருமியின் நொதியில் மட்டும் இருக்கும் ஒரு பள்ளத்துக்குப் பொருந்தும்படி வரைந்தோம், அழித்தோம், மறுபடி வரைந்தோம். அவள் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் சரியாக அமைந்தது. இரண்டு நொதியிலும் புது மூலக்கூறைச் சேர்த்து, சிவப்புச் சாயமேற்றிய தோல் தூளைப் போட்டு, படமெடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். முதல் குழாயில் நம் நொதி தூளைக் கரைத்து நீர் சிவந்திருந்தது. இரண்டாவதில் கிருமியின் நொதி அசையவில்லை. நீர் தெளிவாகவே இருந்தது.

கண்ணாடியைப் போடச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். "அப்பாடா! நம்ம ஆளு பொழச்சான்" என்று சிரித்தாள். "மருந்தாக இன்னும் தூரம் ஜாஸ்தி. அவசரப்பட்டே, தொலைச்சுடுவேன்." அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்பதே என் நிம்மதி.

போன வாரம் ஆம்பூருக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன். பாதியில் விட்ட குழாய்கள் அப்படியே இருந்தன. குழாய்த் தாங்கியின் முதல் துளைக்கு மேல் அவள் ஒட்டிய துண்டுச் சீட்டு: 'நம்ம ஆளு'. அந்தத் துளையில் குழாய் வைக்காமல் இனி எந்தச் சோதனையும் தொடங்கமாட்டேன். மனித நொதியை எடுத்து முதலில் அந்தக் குழாயில்தான் ஊற்றினேன்.