யெத்தெர் அக்கா கையில் இருந்த குழந்தை

துருக்கியில், எங்கள் ஊர் சொர்குனிலிருந்து யோஸ்காட் நகரத்துக்குப் போகும் காலை ஆறரை மணி மினிபஸ்ஸை ஓட்டுபவர் யெத்தெர் அக்கா. பத்தொன்பது வருடமாக அவர் பக்கத்து சீட்டில்தான் நான் வேலைக்குப் போகிறேன். பனி எவ்வளவு கொட்டினாலும் அந்த வண்டி வராமல் இருந்ததில்லை. ஒருமுறை பிரசவ வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு, தானே சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். மற்ற டிரைவர்களெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த நாள் அது. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

எங்கள் மொழியில் யெத்தெர் என்றால் 'போதும்'. ஐந்து பெண்களுக்குப் பிறகு ஆறாவதும் பெண்ணாகப் போனதில், அவருடைய அப்பா கடவுளுக்கு மனு போடுவதுபோல வைத்த பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு யெத்தெர் உண்டு. மறுவருடமே தம்பி நெஜாத்தி பிறந்துவிட்டான். ராசியான பெயர் என்று ஊரே சொல்லிவிட்டது. வண்டியில் கூட்டம் நெருக்கினால், "உங்க பேரைச் சொல்லித்தான் கதவைச் சாத்தணும்" என்று கிண்டல் செய்வோம். அக்கா சிரித்துக்கொண்டே கியர் மாற்றுவார்.

போன மாதம் நெஜாத்திக்கு நாலாவது பெண் பிறந்தது. பெயர் வைக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இமாம் குழந்தையின் காதில் பாங்கு சொல்லி, பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதுதான் பெயர். குழந்தை அக்கா கையில் இருந்தது.

"பேரு என்னப்பா?" என்று கேட்டார் இமாம்.

"யெத்தெர்," என்றான் நெஜாத்தி, பெருமையாக. "எங்கக்கா பேரு. அந்தப் பேராலதான் நான் பொறந்தேன்."

அக்கா குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "அந்தப் பேருன்னா குழந்தையத் தரமாட்டேன்."

"என்னக்கா இது, உனக்கு மரியாதை பண்றேன், நீ..."

"நல்ல மரியாதை. யாரு என்னைக் கூப்பிட்டாலும், நீ வேணாம்னு சொல்ற மாதிரியே இருக்கும்டா. நாப்பத்தெட்டு வருஷமா. நீ பொறந்தது அம்மா பட்ட பாட்டால. என் பேரால இல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டியில் அவர் சிரித்த சிரிப்பை இத்தனை வருடம் நம்பியவள் நான்.

அக்கா கட்டிலில் இருந்த தம்பி மனைவி ஹாஜெரிடம் திரும்பினார். "பெத்தவ நீ. உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல," என்றாள் ஹாஜெர். "திலெக்னு நெனச்சிருந்தேன்." ஆசைப்பட்டது என்று பொருள் வரும் பெயர்.

நெஜாத்தி இமாமிடம் சரியென்று தலையை ஆட்டினான். அதற்குப் பிறகே அக்கா குழந்தையைக் கொடுத்தார். திலெக், திலெக், திலெக் என்று இமாம் காதில் சொன்னார்.

சாப்பிடும்போது நெஜாத்திக்கு மனசு கேட்கவில்லை. "அவ்வளவு கஷ்டமா இருந்தா, கோர்ட்ல எழுதிக் குடுத்து நீயும் மாத்தியிருக்கலாமேக்கா?"

"நான் தாங்கிட்டேன்டா," என்றார் அக்கா. "இவளுக்கு இன்னும் கழுத்தே நிக்கல."