பேட்டரியைத் தோளில் தூக்கி வந்த அம்மா

அம்மாவின் கையால் ஒருமுறையாவது அடி வாங்காதவர்கள், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் குறைவு. அவரது முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வணங்கி, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சாந்தமானவர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அம்மா இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தார். சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் கப்பலேறிக் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. வளர்ந்ததும் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தார். ஒருநாள் சூப்பர்வைசர் ஒருவர் என்னைக் காட்டி, "பொம்பளப் புள்ளய எதுக்குப் படிக்க வைக்கிற? நாளைக்கு அதுவும் பால் வெட்டத்தானே வரப்போவுது" என்றார். அம்மா வாளியிலிருந்த ரப்பர் பாலை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். பால் முடியோடு இறுகிப்போய் அந்த மனிதர் மொட்டை அடித்துக்கொள்ள நேர்ந்தது. அம்மாவைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். நிலம் ஆடி ஓய்ந்ததும் கடல் உள்வாங்கிப் போனது. சரிவில் நின்று எல்லோரும் அதை வேடிக்கை பார்த்தோம். அம்மா ஒரு விறகுக் கட்டையை எடுத்தார். பெரியவர், சின்னவர் என்று பார்க்கவில்லை. "ஏறு! மேல ஏறு சனியனே!" என்று முதுகு முதுகாக அடித்து மேட்டுக்கு விரட்டினார். என் தோளிலும் விழுந்தது. கடல் ஏன் போகிறது என்று அவருக்கும் தெரியாது. பயம் வந்தால் அவருக்கு அடிக்கத்தான் வரும். எங்களுக்குப் பின்னால் தென்னைகள் மடமடவென்று முறிந்தன. அப்பா திரும்பவில்லை. கரையில் குவிந்துகிடந்த மரங்களையும் தகரங்களையும் அம்மா வெறுங்கையால் பிடுங்கிப் போட்டுத் தேடினார். நகங்கள் பெயர்ந்ததுதான் மிச்சம்.

பிறகு எங்களுக்குத் தகர வீடு கிடைத்தது. எங்கள் வீட்டு வரிசைக்குக் கரண்ட் வரவில்லை. வீட்டுக்கு ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி, ஒரு விளக்கு கொடுத்தார்கள். பகல் வெயிலைப் பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும். அந்த விளக்கின் கீழேதான் நான் பத்தாம் வகுப்பு வரை வந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

பரீட்சை நெருங்கிய வேளையில் விளக்கு மங்கியது. பேட்டரியில் ஆசிட் குறைந்துவிட்டது என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆசிட் ஒன்றே ஒன்றுதான், பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிக்க ஊற்றுவது. அம்மா அதைக் கொஞ்சம் கொண்டுவந்து, மூடிகளைத் திறந்து ஊற்றிவிட்டார். ஊற்ற வேண்டியது சுத்தமான பேட்டரித் தண்ணீர் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சில நாட்களில் பேட்டரி செத்துப்போனது.

அன்று மாலை அம்மா அடுத்த வீட்டுக்குப் போனார். அது அவருடைய தம்பியின், என் மாமாவின் வீடு. மாமா தம் பேட்டரியில் சின்ன டிவியை மாட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரியக் குடுடா. புள்ளைக்குப் பரீட்ச."

"மேட்ச் ஓடுது அக்கா. காலைல வா."

"காலைலதான் சூரியன் இருக்கே, அப்ப எனக்கு எதுக்குடா பேட்டரி?"

"ஒன் பேட்டரியக் கொன்னது நீதானே? ரப்பர் ஆசிட் ஊத்துனியே, ஷீட்டு அடிச்சியா அக்கா?"

அம்மா டிவியைக் காலால் எத்தினார். மாமா அவர் முடியைப் பிடித்தார். அம்மா பித்தளைச் செம்பை எடுத்து மாமாவின் நெற்றியில் அடித்தார். ரத்தம் கண்ணில் வழிய மாமா பலகையால் அம்மாவின் முதுகில் போட்டார். "அரே, பாகலா நீ, பைத்தியமா? சோடோ அக்கா, விடு!" என்று மாமா கத்தக் கத்த, அம்மா பேட்டரியைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டார். அது சாய்ந்திருந்தது. நடக்க நடக்க ஆசிட் ஒழுகிச் சேலை பொத்தல் பொத்தலாகப் பொசுங்கியது, தோல் வெந்தது. நான் குடத்துத் தண்ணீரோடு ஓடினேன்.

"தண்ணி அப்பறம். மொதல்ல வயர மாட்டு!"

விளக்கு எரிந்த பிறகுதான் தோளில் தண்ணீர் ஊற்ற விட்டார்.

மாமா போலீசுக்குப் போகவில்லை. நெற்றியில் கட்டோடு எங்கள் வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போவார். பேட்டரியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பரீட்சை முடியும்வரை அவர் வீடு இருட்டாகவே இருந்தது. அவருடைய சின்னப் பிள்ளைகள் இருட்டில் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள். கடைசிப் பரீட்சை அன்று அம்மா பேட்டரியைக் கொண்டுபோய் மாமா வாசலில் வைத்தார்.

"இந்தா, தூக்கிக்க. டிவி பாரு."

"மேட்ச் முடிஞ்சுபோச்சு அக்கா" என்றார் மாமா.

நான் தேறினேன். மேலும் படித்தேன். இன்று போர்ட் பிளேரில் அரசு அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். நோய் வந்தபோது இங்கே ஷாதிபூரில் என் வீட்டில் என்னுடன் இருக்கும்படி அம்மாவைக் கெஞ்சினேன். "அங்க நான் யார வையறது?" என்று கேட்டுவிட்டுக் கட்சாலுக்கே கப்பலேறினார். கடைசி நாட்களில் நான் லீவு போட்டு உடனிருந்தேன். தண்ணீர் கொடுக்கத் தாமதமானால் படுத்தபடியே கையை ஓங்குவார். பிறகு அதுவும் நின்றது.

பாடையில் வைத்ததும், பிறந்த வீட்டுக் கோடியை மாமா போர்த்தினார். போர்த்தியவர் நகரவில்லை. மூங்கிலைப் பிடித்து உலுக்கினார். "எந்திரி அக்கா. எந்திரிச்சு அடி. இன்னொருவாட்டி என் மண்டைய ஒட, எந்திரி!" நான்கு பேர் சேர்ந்துதான் அவர் கையைப் பிரிக்க முடிந்தது.

மருந்து கொடுத்த சிஸ்டர்கள், கப்பலில் அம்மாவைத் தாங்கிப் பிடித்தவர்கள், குழி வெட்டியவர்கள், காரியத்துக்குச் சமைத்துப் போட்ட எங்கள் வரிசைப் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கு எழுத்து தெரியாது. அன்று இருட்டில் சாப்பிட்ட அவருடைய பிள்ளைகள் இப்போது நன்றாக வாசிக்கிறார்கள். அவருக்கு நான் சொல்லும் நன்றியை அவர்களே சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.