ஷிர்மர் கிணற்றுக்கு வைத்த நீலப்புள்ளி

ஹெட்விக் ஷிர்மர் சுத்தக்காரி. தெற்கு ஆஸ்திரேலியாவின் புழுதியெல்லாம் கூடிக் குடித்தனம் நடத்துவது எங்கள் மல்லீ புதர்க்காட்டில்தான். அங்கேயும் அவள் வீட்டு மேசைவிரிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை தபால் வண்டியை ஓட்டிக்கொண்டு நான் போய் நின்றால், "வந்துட்டாரு புழுதி மகாராஜா. பூட்ஸைத் தட்டிட்டு வாங்க டூலன்" என்பாள். அவள் ஜெர்மன்காரி, நான் ஐரிஷ்காரன். ஒரே சாமியை இரண்டு கோயிலில் கும்பிட்டுச் சண்டை போடுகிற ஜாதிகள். ஆனாலும் காபியும் கேக்கும் தராமல் என்னை ஒருநாளும் அனுப்பியதில்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். கூரையிலிருந்து வழிந்து தகரத் தொட்டியில் சேரும் மழைத்தண்ணீர் மனிதர்களுக்கு. கிணற்றுத் தண்ணீர் ஆடுமாட்டுக்கும் துணிக்கும். விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீரில் காபி போட்டுக் கொடுப்பதைப் போலக் கேவலம் வேறில்லை. உங்கள் கிணறு எப்படி என்று விசாரிப்பதே மரியாதைக் குறைவு. ஷிர்மர் கிணறு உப்பு மட்டுமல்ல, கசப்பும்கூட. அவள் புருஷன் ரைன்ஹோல்ட் தன் கையால் பாறையை உடைத்துத் தோண்டியது அது. அதை யாராவது குறை சொன்னால் அவரையே குறை சொன்னதுபோல அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அப்போதுதான் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. எங்கே என்ன பாறை, அதன் அடியில் என்ன தண்ணீர் என்று பார்த்து வரைபடம் போட, பெங்கெல்லி என்ற சர்வேக்காரரை அனுப்பினார்கள். அவர் ஷிர்மர் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்தார். தோண்டிப் போட்ட கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு காபி குடிக்க உட்கார்ந்தார். நடந்ததை ஹெட்விக்கே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"அடேயப்பா! இந்தக் காட்டுல இப்படி ஒரு தண்ணியை நான் குடிச்சதே இல்லைம்மா. உங்க கிணறா?"

இல்லை, மழைத்தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். ரைன்ஹோல்ட் வெளியே குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு இனித்தது.

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரர் வெட்டினது."

"அப்ப கிணத்துத் தண்ணியை இறைக்கிற காத்தாடியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புதுசா வர்ற தண்ணியை இந்த பாட்டில்ல பிடிச்சு அனுப்புங்க. சோதனை பண்ணிப் படத்துல போட்டுடலாம்" என்று ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரை அனுப்பினால் பொய் வெளிப்பட்டுவிடும். தொட்டித் தண்ணீரைப் பிடித்தாள். ரொம்ப நன்றாக இருந்தாலும் சந்தேகம் வருமே என்று ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தாள். கெட்டிக்காரி! அந்த பாட்டில் என் காலடியில் உருண்டுகொண்டே ரயிலடிக்குப் போனது.

மறுவருஷம் வரைபடம் அச்சாகி வந்து ரயிலடிச் சுவரில் தொங்கியது. உப்புக் கிணறுகளுக்குச் சிவப்புப் புள்ளி, நல்ல தண்ணீருக்கு நீலம். எங்கள் வட்டாரமே அம்மை போட்டதுபோலச் சிவந்து கிடக்க, நடுவில் ஷிர்மர் வீடு ஒன்றுதான் நீலம். ரைன்ஹோல்ட் வீட்டுக்கு ஓடிவந்து கிணற்றுத் தண்ணீரை ஒரு குவளை முழுக்கக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"அரசாங்கமே நல்லதுன்னு சொல்லுது ஹெட்விக். நம்ம நாக்குலதான் ஏதோ கோளாறு."

அவள் குவளையை வாங்கிக் கழுவி வைத்தாள். பார்க்கிறவர்கள் வாழ்த்த வாழ்த்தக் கூனிக்குறுகினாள். ரயிலடிக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு கோயிலுக்கும் போகவில்லை. கேக் மட்டும் எனக்குத் தவறாமல் கிடைத்தது. பெரிய மனுஷி, தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. நானும்தான் பேசினேன்.

அடுத்த கோடையில் பெரும் வறட்சி. டிரெகென்சா என்பவன் மிச்சமிருந்த ஆட்டு மந்தையைத் தெற்கே ஓட்டிக்கொண்டு வந்தான். மேற்குப் பாதையில் போயிருந்தால் ரயில்வே குளம் இருக்கிறது. அவன் வரைபடத்தின் நீலப்புள்ளியை நம்பி எங்கள் பாதைக்குத் திரும்பினான். நான் தபாலோடு போய் இறங்கியபோது ஷிர்மர் முற்றம் முழுக்க ஆடு. ரைன்ஹோல்ட் பெருமையோடு ஆடுமாடு குடிக்கும் காடியைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தார். ஆடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பின. தாகம் தாங்காமல் குடித்தவை கழிந்து, நின்ற இடத்திலேயே சரிந்தன.

டிரெகென்சா ஒரு வாய் குடித்துத் துப்பினான். "நல்ல கிணறு எங்கய்யா? ஊரான் ஆடு சாகட்டும்னு ஒளிச்சு வச்சிருக்கியா?"

"சத்தியமா இது ஒண்ணுதான் தம்பி. படத்துல போட்டதும் இதைத்தான்."

"பொய் சொல்லாதய்யா! எம்பொழப்பே இந்த ஆடுதான்யா!" என்று ரைன்ஹோல்டின் சட்டையைப் பிடித்தான்.

வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், மூக்கறுபட்டு நின்றார்.

ஹெட்விக் படியிறங்கி வந்தாள். "அவரை விட்ருங்க. அந்த பாட்டில்ல நான் பிடிச்சது மழைத்தண்ணி. வெட்கப்பட்டுக்கிட்டு அப்படிச் செஞ்சேன்" என்றாள். ரைன்ஹோல்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. எனக்கே தரையைப் பார்க்கத்தான் தோன்றியது.

அவள் போய்த் தகரத் தொட்டியின் குழாயைத் திறந்தாள். கோடை முழுக்க வீட்டுக்கு இருந்த தண்ணீர் அது. கடைசிச் சொட்டுவரை வாளியில் பிடித்து ஆடுகளுக்கு ஊற்றினோம். பாதி மந்தை பிழைத்தது. பிழைத்ததை ஓட்டிக்கொண்டு போன டிரெகென்சா நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

தகவல் போய், பெங்கெல்லி மறுபடி வந்தார். அவள் காபி வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

"இதுதாங்க எங்க கிணறு. மாத்திப் போடுங்க."

"புதுப் படம் அச்சாக வருஷக்கணக்கா ஆகும்மா. பழசு ஊர் ஊரா போயிடுச்சே" என்றார் அவர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால் அவளே பாதை பிரியும் இடத்தில் பலகை நட்டாள். "கிணறு உப்பு. வரைபடம் தப்பு. தப்பு செய்தவள் ஹெட்விக் ஷிர்மர்." வெயிலில் எழுத்து மங்க மங்க மறுபடி பெயிண்ட் அடித்தாள். அந்தப் பக்கம் போகிறவன் வருகிறவன் எல்லாம் படித்துச் சிரித்தான்.

கடைசியில் புதுப் படம் வந்தது. ஷிர்மர் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவள் பெயிண்ட் டப்பாவோடு பலகை முன்னால் குந்தியிருந்தாள்.

"இனிமே பிடுங்கி எறிஞ்சிரும்மா. போதும்."

அவள் தன் பெயரின்மேல் தூரிகையை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "பழைய படம் இன்னும் எவன் பையிலயாவது இருக்கும், டூலன்."