செனட்டர் வண்டி ஏறவில்லை

பேட்ஜர் ஹில் கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் ஆர்வித் ஹௌகனுக்கு எப்போதும் ஆறிய காப்பிதான். பால் விடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.

இர்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் இர்மாவின் தங்கைகள் இருவருக்கும் கல்யாணமாகி, அதில் ஒருத்திக்கு விவாகரத்தும் ஆகிவிட்டது. கடைசியில் இர்மாவே பாதிரியாரிடம் போய்த் தேதி குறித்துக்கொண்டு வந்து, "வர்ற சனிக்கிழமை உனக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். "பாக்கணும்" என்றார் ஆர்வித். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இன்றுவரை குடித்தனம் நடத்துகிறாள்.

இப்படிப்பட்ட மனிதர் தலையில்தான் அந்த வறட்சி வருடம் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டது.

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் வறட்சி ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்த வருடத்து வறட்சி கொஞ்சம் மரியாதை தெரியாதது. ஜூனில் வரவேண்டிய மழை வரவில்லை. ஜூலையில் யாரும் கூப்பிடாத வெட்டுக்கிளி வந்தது. புல்லைத் தின்றது. வேலிக் கம்பங்களைச் சுவைத்துப் பார்த்தது. இர்மா கொடியில் காயப்போட்டிருந்த பச்சைச் சட்டையைக் காலர்வரை தின்றுவிட்டுப் பொத்தான்களை மட்டும் நாகரிகமாக விட்டுவைத்தது. அறுத்துச் சுருட்டிய உலர்புல்லைக் களத்தில் அடுக்கிப் பார்த்தபோது பசுக்களுக்கே மார்ச் வரைதான் வரும்போல இருந்தது. இங்கே பனி விலகிப் புல் தலைகாட்ட மே ஆகும். இதற்கு நடுவில் அந்தப் புல்லில் பங்குக்கு மூன்று பொலிகாளைகள் வேறு.

பொலிகாளையின் உத்தியோகம் உலகறிந்தது. ஜூலை, ஆகஸ்ட் வேலை. மிச்ச மாதங்கள் சாப்பாடு, தூக்கம், வேலியில் முதுகு சொறிதல், சக காளைகளோடு கௌரவப் பிரச்சினை. அதனால்தான் மூன்றில் மூத்ததற்கு இர்மா 'செனட்டர்' என்று பெயர் வைத்திருந்தாள். தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் நிஜ செனட்டர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் காளை வருடத்தில் இரண்டு மாதம் நிஜமாகவே உழைக்கிறது.

"மூணையும் வித்துடு" என்றாள் இர்மா, உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே. "இந்தத் தடியனுங்களுக்குக் குளிர்காலம் பூரா புல்லு போட்டா, பசுவுல ரெண்டை விக்கணும். எதை விப்ப? ரோஸியையா?"

ரோஸி இர்மாவின் சொந்தப் பசு. அது பிறந்த அன்று பனிப்புயல். விறைத்துக் கிடந்த கன்றை இர்மா வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் கிடத்தி, தன் தலைமுடி உலர்த்தியால் காயவைத்து உயிர் வரவழைத்தாள். அந்த உலர்த்தியில் இன்றும் கன்றுக்குட்டி வாசனை. தலையில் அந்த வாசனையோடுதான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாள்.

"ரோஸியை யாரு விக்கச் சொன்னா?" என்றார் ஆர்வித். "ஆனா காளையை வித்துட்டா ஜூலையில பசுவுக்கு யாரு வருவா?"

"வாசிலோட காளை வரும். வேலிக்கு அந்தாண்டதானே நிக்குது. போன வருஷம் கூப்பிடாமலே வந்துச்சு."

"இப்ப வித்தா கறிமாட்டு விலைதான் கிடைக்கும். வசந்தத்துல திரும்ப வாங்கப் போனா யானை விலை."

"சரி, வச்சுக்க."

"வச்சுக்கிட்டா புல்லு?"

"சரி, வித்துடு."

"வித்துட்டா..."

இர்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள். மாட்டிடம் பேசினாலாவது பதில் வரும்.

ஒருவழியாக ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றையும் சந்தைக்கு அனுப்புவது என்றானது. முடிவெடுத்தது இர்மா; கேட்டுக்கொண்டது ஆர்வித். மாட்டு டிரெய்லரோடு ராஸ் வந்தான். ஊரில் எல்லோருடைய மாட்டையும் ஏற்றிப்போகிறவன் அவன்தான். யார் வீட்டு மாட்டைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கமாட்டான். அதுவும் ஒரு தொழில் தர்மம். இளங்காளைகள் இரண்டும் உல்லாசப் பயணம் போவதுபோல் ஏறிக்கொண்டன. செனட்டர் முன்னங்கால் இரண்டையும் சாய்வுப் பலகையில் வைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. திரும்பி வீட்டைப் பார்த்தது. மறுபடியும் உள்ளே பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பாதி பலகையிலும் பாதி தரையிலுமாக அப்படியே படுத்துக்கொண்டது.

தள்ளினார்கள். வாலை முறுக்கினார்கள். ஓட்ஸ் வாளியை மூக்கருகே காட்டினார்கள். செனட்டர் படுத்தபடியே ஓட்ஸைத் தின்றுமுடித்தது.

"விடுப்பா, யோசிக்கட்டும்" என்றார் ஆர்வித். அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அடுத்த செவ்வாயும் அதே கதை. அதற்கடுத்த வாரம் ஆர்வித்துக்கு முதுகுவலி. ஆக, ஆர்வித் செனட்டரை விற்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது. இருந்த நேரமெல்லாம் தின்றது.

இர்மாவின் பொறுமை தீர்ந்தது. "அறுவடை விருந்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இல்லேன்னா ரோஸியை வண்டியில ஏத்திடுவேன். அதுகூடவே நானும் ஏறிப் போயிடுவேன். அப்புறம் நீயும் செனட்டரும் உக்காந்து பேசிப்பேசி முடிவெடுங்க."

விருந்தன்று காலை, ஆர்வித் ஹௌகன் தம் வாழ்நாளிலேயே முதன்முறையாகத் தாமாக ஒரு முடிவெடுத்தார். ராஸுக்குப் போன் போட்டு, "நாலு மணிக்கு வந்து அவனை ஏத்திட்டுப் போயிடு. நாங்க சர்ச்சுல இருப்போம். என்னால பாத்துட்டு நிக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்தார். இர்மா ஓடிவந்து காய்ச்சலா என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பேட்ஜர் ஹில் சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் முதல் பந்தி களைகட்டியிருந்தது. வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, உக்ரைன் வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த முட்டைக்கோஸ் சுருள், ஏழெட்டு விதக் கேக். ஆர்வித்துக்கு எதிரே வாசில் பாபியுக், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, பக்கத்து நிலக்காரர். வாசிலுக்குப் பக்கத்தில் ஓடைக்கு அக்கரை நிலத்துக்காரர் டங்கன் மெக்ராய்.

எங்கள் ஊரில் ஒருவரிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர் சட்டைப்பையில் கைவிட்டதாக அர்த்தம். விற்றாயா, வைத்திருக்கிறாயா என்பது அதைவிடக் கேவலம். ஆகவே மனைவி, மக்கள், மூலவியாதி எல்லாவற்றையும் விலாவாரியாகப் பேசுவோம். மாட்டுக்கு மட்டும் சுற்றிவளைத்துத்தான் வருவோம்.

"என்னடா ஆர்வித், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பித்தார் வாசில். "அந்தப் பெரியவங்கள்லாம்?"

"இருக்காங்க, இருக்காங்க. உங்க வீட்டுப் பெரியவரு?"

வாசில் வாயிலிருந்த வான்கோழியைத் தேவைக்கு அதிகமாக மென்றார். "எங்க வீட்டுல இப்ப கொஞ்சம் அமைதியா இருக்கு."

டங்கனின் முட்கரண்டி பாதிவழியில் நின்றது. "அமைதின்னா?"

"அமைதின்னா அமைதிதான்."

"எவ்வளவு அமைதி?"

"உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுலயும் சத்தம் கம்மிதான்" என்றார் டங்கன், தட்டைப் பார்த்தபடி.

இர்மா கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டினாள். "வாசில்! காளையை வித்துட்டியா இல்லியாடா? வாயைத் தொறந்து சொல்லு!"

கூடமே அடங்கிப்போனது. பாதிரியாரின் மனைவி குழம்புக் கிண்ணத்தோடு நடுவில் நின்றுவிட்டாள். யாரோ கூட்டத்தில் துணியை அவிழ்த்த மாதிரி எல்லோருக்கும் கூச்சம்.

"வித்துட்டேன்" என்றார் வாசில் ஈனஸ்வரத்தில். "ஆர்வித்கிட்ட மூணு நிக்குதே, ஒண்ணு வேலி தாண்டி வந்துட்டுப் போகட்டுமேன்னு..."

"அடப்பாவி!" டங்கன் எழுந்தே விட்டார். "உன்னை நம்பித்தானடா நானும் வித்தேன்!"

"உன்னை நம்பித்தான் நானும் ரெண்டை வித்தேன்" என்றார் ஆர்வித், வாசிலைப் பார்த்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு மந்தை. அத்தனை பசுவுக்கும் சேர்த்து ஒரு காளை இல்லை. ஜூலையில் காளை இல்லையென்றால் அதற்கடுத்த வசந்தத்தில் கன்று இல்லை. கன்று இல்லையென்றால் மாடு வளர்ப்பவன் வெறும் புல் வியாபாரி. அந்தப் புல்லும்தான் இல்லையே.

"ரெண்டுன்னா..." வாசில் விரல் விட்டு எண்ணினார். "மூணாவது இருக்குல்ல? செனட்டர்?"

ஆர்வித்தின் முகம் வெளுத்தது. "நாலு மணிக்கு ராஸ் வர்றான்."

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு தாண்டியிருந்தது.

"போன் போடு!"

"எங்க வீடு இருக்குற பள்ளத்துல அவன் போனுக்கு சிக்னல் எங்க எடுக்கும்?"

"ஏன்யா, வாழ்க்கையிலேயே ஒரு முடிவு எடுத்த, அதையும் இன்னைக்கா எடுக்கணும்?" என்று கத்திக்கொண்டே டங்கன் படியேறினார்.

அதற்குப் பிறகு நடந்தது விருந்தல்ல. பிக்கப் வண்டிகள் வரிசையாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. வாசில் கழுத்தில் கைத்துண்டு கட்டியபடியே வண்டியை ஓட்டினார். டங்கனின் மனைவி மேபல் மடியில் ஒரு முழு எலுமிச்சைக் கேக். விஷயம் என்னவென்றே தெரியாத இரண்டாம் பந்திக்காரர்கள் நான்கைந்து பேர், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். பாதிரியாரும் வந்தார். சாவு ஏதாவது என்றால் தாம் இருக்க வேண்டுமே என்று.

ஹௌகன் வீட்டு வாசலில் டிரெய்லர் நின்றது. கதவு திறந்திருந்தது. பலகையில் பாதியும் தரையில் பாதியுமாகச் செனட்டர் படுத்து, மேற்கு வெயிலில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. ராஸ் தொப்பியைக் கழற்றி, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது.

"ஹௌகன்!" என்றான் ராஸ். "இது உன் காளையா, இல்ல கூடப்பொறந்த தம்பியா?"

முதலில் சிரித்தது பாதிரியார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. வாசில் போய்ச் செனட்டரின் நெற்றியைத் தடவி, "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். மேபல் கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி அதற்கு ஊட்டினாள். படுத்தபடியே தின்றது.

இர்மா ராஸை எழுப்பிவிட்டு அந்த வாளிமேல் ஏறி நின்றாள். "கேட்டுக்குங்க! இவரு இனிமே ஊர்க்காளை. யாருக்குக் கன்னு வேணுமோ அவங்கவங்க புல்லு கொண்டாரணும். படுக்க வைக்கோலும் கொண்டாரணும். ரோஸியைப் பத்தி எவனாவது பேசினா நடக்குறதே வேற."

குளிர்காலம் வந்தது, மைனஸ் நாற்பது. காளையின் உத்தியோகத்துக்கு மிக அவசியமான உறுப்பு அதன் உடம்பிலேயே தரைக்குப் பக்கத்தில் தொங்குவது. அது உறைந்தால் பதவி போச்சு. மேபல் அதற்குக் கம்பளி உறை ஒன்று பின்னித் தருவதாக முன்வந்தாள். அளவெடுக்க யாரும் முன்வராததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பதிலுக்கு முழங்கால் ஆழ வைக்கோல் மெத்தை போட்டார்கள். ஊருக்கு இருந்த நாகரிகமெல்லாம் போயே போய்விட்டது. டங்கன் தினமும் காலையில் போன் செய்து, "அவன் படுக்கை காஞ்சிருக்கா?" என்று கேட்டார். வாசில், "நேத்து கொஞ்சம் சோர்வா தெரிஞ்சானே, சாப்பிட்டானா?" என்றார். ஆர்வித்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

வசந்தத்தில் மாட்டு டாக்டரம்மா ஜோலீன் வந்து செனட்டரின் விந்தைச் சோதனைக்கு எடுத்தாள். தன் வண்டியின் பின்கதவில் வைத்த நுண்ணோக்கிக்குள் அவள் குனிந்தபோது, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெற்றோர்போல மூன்று குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நீந்துறாங்க" என்றாள் ஜோலீன். "சும்மா சொல்லக் கூடாது, திருவிழாக் கூட்டம் மாதிரி நீந்துறாங்க!"

வாசில் தொப்பியை வானத்தில் எறிந்தார். அது கூரைமேல் போய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்தக் கோடையில் செனட்டர் மூன்று வேலிகளுக்குள்ளும் முறைவைத்துச் சுற்றுப்பயணம் போய்வந்தது. நடந்தேதான் போனது. வண்டியில் ஏற்றிப்பார்க்க யாருக்கும் தைரியமில்லை. மறு வசந்தத்தில் மூன்று மந்தையிலும் கன்றுகள். ரோஸியும் ஒரு சிவப்புக் கிடாரியை ஈன்றது. இந்தத் தடவை குளியல் தொட்டி தேவைப்படவில்லை.

அந்த அக்டோபரில் கன்றுகளைச் சந்தைக்கு ஏற்றும் நாள் வந்தது. ஆர்வித் காப்பிக் கோப்பையோடு சமையலறையில் நின்றிருந்தபோது போன் அடித்தது.

"டேய் ஆர்வித்!" டங்கனின் குரல். "எல்லாக் கன்னும் முன்னங்காலை வைக்குது, உள்ள பாக்குது, திரும்பி வீட்டைப் பாக்குது, அப்புறம் படுத்துக்குதுடா! வரிசையா! வாசில் வீட்டுலயும் அதே கூத்தாம். ராஸ் வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்துட்டான். என்னடா பண்றது இப்ப?"

ஆர்வித் ஜன்னல் வழியாகத் தம் தொழுவத்தைப் பார்த்தார். அங்கே செனட்டர் வேலியில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

"யோசிக்கட்டும், விடு" என்றார்.