அத்தான் வீட்டுப் பிளாஸ்டிக் அரிசி

கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டில் திடீரென்று ஒருநாள் சோறு பொங்குவது நின்றுபோனது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அத்தானின் சித்தப்பா மகன் அனுப்பிய காணொளிதான் காரணம். அதில் யாரோ ஒருவர் சோற்றை உருண்டை பிடித்து மேசையில் போடுகிறார். அது பந்து மாதிரித் துள்ளுகிறது. பிளாஸ்டிக் அரிசியாம், கப்பலில் வந்து இறங்குகிறதாம். அத்தான் உடனே சமையலறைக்குப் போய் ஓர் உருண்டை பிடித்துப் போட்டுப் பார்த்தார். துள்ளியது.

நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதை ஒரு தேநீர் ஆறுவதற்குள் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். என் வீட்டுச் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

"அத்தான், இது எங்க வீட்டு அரிசி. வேற கடை, வேற சாக்கு. இதுவும் துள்ளும் பாருங்க. சோத்துல பசை இருக்கு, உருட்டினா காத்து உள்ள மாட்டிக்கும். அதான் துள்ளுது."

போட்டேன். அழகாகத் துள்ளி சோபாவுக்கு அடியில் ஓடியது.

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ! பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்துருச்சா!"

அடுத்த முறை தர்க்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அரிசி பிளாஸ்டிக்னா இந்தத் தோசை என்னா அத்தான்? இதுவும் அரிசி மாவுதானே? நேத்து சாப்பிட்ட மீஹூன் மட்டும் என்னா, அதுவும் அரிசி சேமியாதானே?" என்றேன். மடக்கிவிட்ட பெருமை எனக்கு. அத்தான் மெல்வதை நிறுத்தினார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் தோசையும் இல்லை, மீஹூனும் இல்லை.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, உன்ன யாரு பேசச் சொன்னா? சோறு மட்டும்தான் போயிருந்துச்சு. நீ வந்து என் தோசையையும் கொண்டுபோயிட்ட. இன்னொரு தடவ நீ விளக்கம் சொன்னா நான் பச்சத் தண்ணிதான் குடிக்கணும்!"

அதற்கப்புறம் போனபோது வடை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். விளக்கம் எதுவும் கொண்டுபோகவில்லை. வாசலில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டிருந்த அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "உங்களுக்கு இந்தச் சந்தேகம் எப்ப வந்துச்சு?"

யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் போலப் பேசினார். அக்கா காலில் ஒரு புண் ஆறாமல் இருந்ததும், கிளினிக்கில் இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்று சொன்னதும் எனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அவர் அதை மனதில் எதோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் என்பது தெரியாது.

"உங்க அக்கா தே ஓ கோசோங் குடிக்கிறவ, பால்கூடக் கிடையாது. ஒரு கரண்டி சீனி போட மாட்டா. அவளுக்கு எப்படி இனிப்பு நீர் வரும்? யாரோ சாப்பாட்டுல என்னமோ கலக்குறான்லா. சோத்த நிறுத்தினேன், சீனி இறங்கிருச்சு. டாக்டரே சொன்னாரு! அந்தக் காலத்துல போர்ட் கிள்ளான்ல நான் கொன்டெய்னர் லோரி ஓட்டினவன். பேப்பர்ல நாற்காலின்னு போட்டிருக்கும். திறந்தா உள்ள வேற என்னமோ இருக்கும். கண்ணால பாத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்டதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்ப் பெட்டிகளைப் பார்த்திருந்தார், சீனியும் உண்மையாகவே இறங்கியிருந்தது. அந்தக் காணொளி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. அங்கே என் பசையும் காற்றும் எப்படி நுழையும்?

"சரி அத்தான், என்னா பாத்தா இது அரிசிதான்னு நம்புவீங்க?"

விரலில் இருந்த வடை எண்ணெயைத் துடைத்தபடி வெகுநேரம் யோசித்தார். "பிளாஸ்டிக் கெட்டுப்போகாது. அழுகினா அரிசி."

அவரே பொங்கி, அவரே டப்பாவில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தார். நான் கிட்டே போகக்கூடாது என்று உத்தரவு வேறு.

மறுவாரம் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். "வா, வந்து மோந்து பாரு." டப்பாவுக்குள் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் மண்டியிருந்தது. அத்தான் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கெட்டுப்போச்சு" என்றார்.

"ஆமா அத்தான்."

"அப்ப அரிசிதான்." பிறகு கேட்டார்: "அப்ப அவளுக்கு யாரு இப்படிச் செஞ்சது?"

வகுப்பில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "யாரும் செய்யல. எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. நல்ல சோறே உடம்புக்குள்ள போனா சீனியாத்தான் மாறும். நீங்க நிறுத்தினதாலதான் இறங்குச்சு. அது நீங்க கண்டுபிடிச்சது, அது சரி."

"யாராவது செஞ்சிருந்தா பிடிச்சுக் கேட்டிருக்கலாம்லா" என்றார் மெதுவாக.

"யாரையும் பிடிக்க வேணாம். மொதல்ல அந்த டப்பாவப் பிடிச்சு வெளிய போடுங்க!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

அன்று மதியம் அக்கா தட்டில் சோறு விழுந்தது. டாக்டர் சொன்ன அளவு, ஒரு சின்னக் கிண்ணம். அத்தான்தான் அளந்து போட்டார். அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

டப்பாவை வெளியே போடுவதற்கு முன் எடுத்த படத்தை அத்தான் குடும்பக் குழுவில் போட்டார். சித்தப்பா மகனிடமிருந்து உடனே பதில் வந்தது: "இப்பல்லாம் பூஞ்சணம் பிடிக்கிற பிளாஸ்டிக்கும் வந்துருச்சு."

அன்றிரவு அத்தான் எனக்குப் போன் போட்டுக் குதித்தார். "கண்ணால பாத்தும் நம்ப மாட்டேங்கிறான்! என்னா மனுஷன் இவன்?"

"சண்ட போடாதீங்க. நேர்ல போயி, அவரு சொல்றத மொதல்ல கேளுங்க" என்றேன்.

சுங்கை பூலோவில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்கு அத்தான் முறைத்துக்கொண்டே போனார். சாயங்காலம் திரும்பி வந்து எனக்குப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

"பேசிக்கிட்டே இருந்தான். வேலை போயிருச்சாம், யாருக்கும் சொல்லல. பாவம்லா."

"அரிசியப் பத்தி என்னா சொன்னாரு?"

"அரிசியப் பத்திப் பேச்சே வரல" என்றார். "ஆனா சோறுதான் போட்டான். பிளாஸ்டிக்னு சொன்னவனே ரெண்டாவது தடவயும் போட்டுச் சாப்பிட்டான்!"