என் கணவர் பாடிய சுவிஸ் மலைப்பாட்டு

நேற்று பின்னேரம் என் கணவர் மேடையேறி ஜெர்மன் மொழியில் பாடினார்!

(குடித்திருக்கவில்லை. திரும்பி வரும்போது காரை ஓட்டியதே அவர்தான்.)

மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் என்னோடு வேலை செய்யும் ஹெல்கா ஒரு ஷோவுக்கு இரண்டு டிக்கெட் தந்திருந்தாள். அவளுடைய அக்கா அதில் நடிக்கிறாராம்.

சுவிஸ், ஆஸ்திரியா தொலைக்காட்சிகளில் ஒருகாலத்தில் சனிக்கிழமைகளில் வந்த மலைநாட்டுப் பாட்டு நிகழ்ச்சிகளை மேடையில் செய்து காட்டி, கொஞ்சம் நக்கலும் அடிக்கிற ஷோ.

என் கணவர் தேவன் சுவிஸில் அகதியாக இருந்தவர். அங்கே கேஸ் ரிஜெக்ட் ஆன பிறகுதான் மொன்றியல் வந்தார். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார்.

அதனால் தயங்கித்தான் கேட்டேன்.

"வாறீங்களோ?"

"சும்மா தந்த டிக்கெட்டோ?"

"ஓம்."

"அப்ப வாறன்."

மேடையில் அட்டை மலை, பஞ்சுப் பனி. (வெளியே நிஜப் பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது!)

இறகுத் தொப்பி போட்ட அறிவிப்பாளர் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். பாட்டு ஸ்பீக்கரில் ஓட, அக்கோடியன்காரர் வாசிப்பதுபோல் நடித்தார். அந்தக் கால டிவியில் அப்படித்தானாம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

தேவன் சிரிக்கவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அறிவிப்பாளர் மேடையிலிருந்து இறங்கினார். அந்த மண்டபத்தில் வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் நாங்கள் இருவர்தான். நேரே எங்களிடம் வந்தார்!

"முசியூ, மேடைக்கு வந்து ஒரு வரி பாடுவீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

தேவன் வாய் திறக்க முன்னமே சிரிப்புக் கிளம்பிவிட்டது.

"வேண்டாமப்பா, இருங்கோ" என்று கையைப் பிடித்தேன்.

"விடுமப்பா" என்று எழுந்து போனார்.

ஒரு வரி இல்லை, முழுப் பாட்டும் பாடினார். நடுவில் தொண்டையை உடைத்து ஏற்றி இறக்குகிற அந்தக் கூவலையும் விடவில்லை!

சிரிப்பு நின்றது.

அக்கோடியன்காரர் நடிப்பை விட்டுவிட்டு உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் சேர்ந்து பாடினார்கள்.

அறிவிப்பாளர் தன் தொப்பியைக் கழற்றித் தேவன் தலையில் வைக்கப் பார்த்தார்.

"நோன், மெர்சி" என்று பிரெஞ்சில் மறுத்துவிட்டு, கைதட்டலுக்கு நடுவே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

காரில்தான் கேட்டேன்.

"எங்கையப்பா பழகினீங்கள்?"

"அகதி முகாமில ஒரு டிவி இருந்தது. ஒரு சனல்தான் தெளிவா வரும், சனிக்கிழமையில இந்தப் பாட்டுகள்தான். வேலைக்குப் போகவும் விடேல்லை. கேஸ் முடியுமட்டும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

"பாட்டு என்ன சொல்லுது?"

"இந்த மலையைக் கண்டவனுக்குத் திரும்பிப் போக மனம் வராதாம்."

"உண்மையோ?"

எங்கள் வீடு இருக்கிற ரொக்ஸ்பரோவுக்குத் திரும்பும் சிக்னலில் சிவப்பு. பிரேக்கை மிதித்துவிட்டுச் சொன்னார்:

"ஓம். எனக்கும் மனம் வரேல்லை. அவங்கள்தான் போகச் சொன்னவங்கள்!"