இருசம்மாளின் முட்டி

இருசம்மாளைப் பற்றிப் பேசும்போது 'பாவம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! பழவேற்காட்டு ஏரியில் முழங்கால் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். எச்ஐவி அவளுக்குப் புருஷன் கொடுத்துவிட்டுப் போனது. அவன் போய்ச் சேர்ந்தான். இவள் மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டு ஏரியில் இறங்குகிறாள்.

போன ஆடியில் அவளுக்கு வலது முட்டி வீங்கியது. கெளுத்தி மீன் முள் ஏறியிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டினோம். சேற்றில் குந்துகிறவர்களுக்கு முட்டி வீங்கினால் முள்தான், வேறென்ன? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டோம். அவளும் அதோடு ஏரிக்கு வந்தாள். காய்ச்சல் கொதித்து, காலை அசைக்க முடியாமல் போன பிறகுதான் இது முள் இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

அவள் தம்பி மோகன்குமார் வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த நோயி எலும்புல எறங்கிடுச்சு. இனிமே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி இன்னா பிரயோஜனம்?" என்றான்.

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "எனக்குப் பாடை கட்ட உனுக்கு இன்னாடா அவசரம்? போயி ஆட்டோவ இட்டுனு வாடா!"

சென்னை ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தால் மூட்டுக்குள் சீழ். "இது வேற கிருமிம்மா. எச்ஐவி இருக்கறவங்களுக்குச் சுலபமா வந்துடும், ஆனா குணமாக்கலாம். உங்க மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. மூட்டைத் திறந்து கழுவினார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கால் பிழைத்தது, முட்டி மட்டும் மடங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குந்த முடியாதவள் ஏரியில் என்ன செய்வாள்? அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

புண் ஆறி, தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாளே பறியோடு வந்து நின்றாள். நாங்கள் வரிசை கட்டித்தான் இறங்குவோம். வரிசையின் முதல் ஆளான கஸ்தூரியம்மாள் அவளுக்கு இடம் விடவில்லை.

"சீழ் புடிச்ச காலு. உன் நோயி தண்ணி வழியா எங்களுக்கும் வந்துடும்டி."

"தண்ணியில வர்றதுன்னா இத்தினி வருசத்துல உனுக்கு வந்துருக்கணுமே, அக்கா? ஒண்ணா தானே கெடந்தோம்?"

"சரி, குந்தவே முடியாதவ எப்டிடி புடிப்ப?"

இருசம்மாள் எங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்து, வலது காலை நீட்டினாள். ஒரு கையை ஊன்றி உடம்பை இழுத்தாள், மறு கையால் சேற்றைத் தடவினாள். கஸ்தூரியம்மாள் என்னென்னவோ சொன்னாள். பறி வாயில் இருந்ததால் இவளால் திருப்பித் திட்ட முடியவில்லை. பறி பாதி நிறைந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"காலு மடங்கலன்னா போவுது, அக்கா. இறால நான் காலாலயா புடிக்கிறேன்?"